ஆறாம் வகுப்புக்கு மயிரின் வரலாறு

வாயை அடக்கத் தெரியாததற்கு எனக்குக் கிடைத்த கூலி அந்தப் பாடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாற்றை ராஜா ராஜாவாக நடத்தாமல் கருப்பொருள் கருப்பொருளாக நடத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற பயிற்சி. ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் என்றால் தண்ணீர். சிந்துவெளிச் சாக்கடையில் இறங்கி, கண்மாய், கிணறு என்று நடந்து, நம் தெருக் குழாயடிச் சண்டையில் வந்து ஏற வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடுவில் எந்த ராஜா செத்தான், எவன் பட்டத்துக்கு வந்தான் என்கிற கவலை இல்லை.

சொந்த ஊரில் நடக்கிற கூட்டத்துக்குத்தான் மனுசி தாமதமாகப் போவாள். நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல தலைப்பெல்லாம் பறிபோயிருந்தது. தண்ணீரைத் தளவாய்புரத்து டீச்சர் எடுத்துவிட்டார். உணவு, உடை, வீடு, வணிகம், சாலை என்று ஆளாளுக்கு ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம், "வேற என்ன மயிரு மிச்சம் இருக்கு?" என்று மெதுவாகத்தான் கேட்டேன். என்னுடைய மெதுவு ஊருக்குத் தண்டோரா. பயிற்சி கொடுக்க வடக்கேயிருந்து வந்திருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அருமையான தலைப்பு டீச்சர். இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல" என்று சொல்லி, என் பெயருக்கு நேரே எழுதியே விட்டார்: மயிர். மனுசர் கிண்டல் செய்தாரா, நிஜமாகத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் வேலை பார்ப்பது ராஜபாளையத்தில். எங்கள் ஹெச்.எம். தங்கமான மனிதர். தலையில் இருக்கிற கொஞ்சத்தை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு இழுத்துச் சீவியிருப்பார். அது கலைந்துவிடும் என்று அவர் அறையில் ஃபேனே ஓடாது. அந்தப் புழுக்கத்தில் நின்றுகொண்டு என் பாடத்திட்டத்தை நீட்டினேன்.

"என்ன டீச்சர் இது?"

"கருப்பொருள் சார்."

"பொம்பளப் பிள்ளைங்களும் படிக்கிற இடம் டீச்சர்."

"அதுங்க தலையிலயும் இருக்கு சார்."

"முடின்னு எழுதினா என்ன? கேசம்னு எழுதுங்க. கூந்தல்னு எழுதுங்க."

"கூந்தல் ஆம்பளைக்கு ஒட்டாது சார். முடின்னா ராஜா தலையில வைக்கிறதும் முடிதான், பிள்ளைங்க குழம்பிரும். இது பழைய தமிழ்ச் சொல்லு. செய்யுள்ல எல்லாம் மரியாதையாத்தான் உக்காந்திருக்கு. நாமதான் திட்டித் திட்டி அதத் தெருவுல இழுத்து விட்டுட்டோம்."

அவர் கை தானாகத் தலைக்குப் போய், இருப்பதைச் சரிபார்த்துவிட்டு இறங்கியது. "சரி, நடத்துங்க. ஆனா சத்தமா நடத்தாதீங்க" என்றார்.

சத்தமில்லாமல் நடத்தவா என்னைப் பெற்றார்கள்? முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். ஆறாம் வகுப்பு என்பது பாவப்பட்ட வயசு. அஞ்சாம் வகுப்பில் பெரிய ஆளாக இருந்துவிட்டு, பெரிய பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் மறுபடியும் பொடிசாகிப் போன பிள்ளைகள். சிரித்தால் அடி விழுமோ, சிரிக்காவிட்டால் அடி விழுமோ என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "நான் ஒரு தடவை சொல்லுவேன். நீங்களும் சேர்ந்து ஒரு தடவை சொல்லுங்க. சிரிச்சு முடிச்சிருங்க. பொறவு பாடத்துக்குப் போவோம்" என்றேன். கட்டடமே அதிர்கிற மாதிரி சொன்னார்கள். பக்கத்து வகுப்பில் இருந்து கணக்கு டீச்சர், யாரையோ யாரோ வெட்டிவிட்டார்கள் என்று நினைத்து ஓடிவந்தார். சிலதுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தச் சொல் அந்த அறையில் சாக்பீஸ், டஸ்டர் மாதிரி சாதாரணமாகிப் போனது.

சிரிக்காதவன் ஒருவன் இருந்தான். மூன்றாவது பெஞ்சில், சுவரோரமாக. தேவதானத்தில் இருந்து பஸ்ஸில் வருகிறவன். அவன் முதுகில் இடுப்புவரைக்கும் ஒரு பின்னல் தொங்கியது. சட்டை, டவுசர், கறுப்பு ஷூ எல்லாம் ஆம்பளைப் பிள்ளைக்கு உள்ளது; பின்னல் மட்டும் என்னுடையதைவிட இரண்டு மடங்கு. பொறாமையாகத்தான் இருந்தது. வகுப்பு அவனுக்கு முதல் நாளே பெயர் வைத்துவிட்டது. "ஏட்டி, ரப்பர் குடுட்டி." "ஏட்டி, தள்ளி உக்காருட்டி." ஆம்பளைப் பிள்ளையை ஏலே என்று கூப்பிடாமல் ஏட்டி என்று கூப்பிடுவதைவிட எங்கள் பக்கம் பெரிய அடி கிடையாது. அவன் ரப்பரையும் கொடுப்பான், தள்ளியும் உட்காருவான். ஒரு வார்த்தை பேசமாட்டான்.

விசாரித்தேன். பிறந்த முடி அது. குலசாமிக்கு நேர்ந்துவிட்டது. கத்தி படாமல் பதினோரு வருசமாக வளர்கிறது. சாமிக்கு என்ன அவசரம், எப்போது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். சிக்கல் தாய்மாமனிடம் இருந்தது. முதல் மொட்டையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் போட வேண்டும். இவனுக்கு ஒரே ஒரு தாய்மாமன், சுந்தரபாண்டியத்தில். அவர் கல்யாணத்தில் இவனுடைய அப்பா முதல் பந்தியில் உட்காரப் போயிருக்கிறார். இலையெல்லாம் நிறைந்துவிட்டது. "செத்த இருங்க, அடுத்த பந்தியில உக்காரலாம்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வீட்டு மாப்பிள்ளையை ரெண்டாம் பந்தியில் உட்காரச் சொல்வதா? மனுசர் பெண்டாட்டியையும், அப்போது ஒரு வயசுகூட நிறையாத இவனையும் கூட்டிக்கொண்டு சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார். வந்து கூப்பிட்டால் போவேன் என்று இவர். போனவர் தானாக வரட்டும் என்று அவர். அதோடு பேச்சு அற்றுப்போனது. அந்தப் பங்குனியில் இறங்க வேண்டிய முடி இறங்கவில்லை.

இவனுடைய அம்மா தளவாய்புரத்து நைட்டி கம்பெனிக்கு வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுப்பவர். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது, "வேற யாராச்சும் சித்தப்பா பெரியப்பா மடியில வச்சுப் போட்டுற வேண்டியதுதானம்மா?" என்று கேட்டுவிட்டேன். என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கிப் போயிருக்க வேண்டும். "கூடப் பொறந்தவன் உசிரோட இருக்கையில அடுத்தவன் மடியில எம்புள்ளைய உக்கார வைப்பனா டீச்சர்?" என்றார்.

பாடம் அதன் போக்கில் நடந்தது. சிந்துவெளியில் தோண்டி எடுத்த தாடிக்காரச் சிலையில் ஆரம்பித்தோம். தாடியை ஒழுங்காகக் கத்தரித்திருக்கிறான் பாருங்கள், அப்படியென்றால் கத்தி இருந்திருக்கிறது, கத்தி பிடிக்க ஆள் இருந்திருக்கிறது, கண்ணாடி மாதிரி ஏதோ இருந்திருக்கிறது என்று பிள்ளைகளே அடுக்கினார்கள். போதிமரத்தைத் தேடி அரண்மனையை விட்டுக் கிளம்பிய இளவரசன் முதலில் செய்த காரியம் முடியை அறுத்ததுதான். சமணத் துறவிகள் கத்திகூட வைக்காமல் கையாலேயே பறித்துக்கொள்வார்கள் என்று சொல்லி வாய் மூடவில்லை, கடைசி பெஞ்சில் ஒருவன் பக்கத்திலிருந்தவன் தலையில் சோதனை செய்துபார்த்துவிட்டான். அலறல் கேட்டுக் கணக்கு டீச்சர் மறுபடியும் வந்தார். கொண்டையைப் பற்றி நான் ஒன்றும் நடத்தவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிற பெண்பிள்ளைகள் இரண்டு பேர் எழுந்து, எங்கள் கோயில் தாயாரின் சாய்ந்த கொண்டைக்கு மேலே கொண்டையே கிடையாது என்று அடித்துச் சொல்லி, ரப்பர் பேண்டில் போட்டும் காட்டிவிட்டார்கள். சீனத்தில் ஜெயித்த ராஜா தோற்ற ஊர் ஆம்பளைகளை எல்லாம் பின்னல் போடச் சொன்னான், போடாதவன் தலை இருக்காது என்று சொன்னபோது மட்டும் மூன்றாவது பெஞ்சு நிமிர்ந்து பார்த்தது.

வீட்டில் பழைய போட்டோ இருந்தால் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றேன். மறுநாள் வகுப்பு கலகலத்துப் போனது. பாதிப் பேருடைய பூட்டன்மாருக்குக் குடுமி. அதிலும் ஒருவனுடைய பூட்டன் முடியை அவிழ்த்துப்போட்டு நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தாராம். "அப்பொ ஒங்க பூட்டனும் ஏட்டிதாம்லே!" என்று ஒருத்தி கத்தினாள். பூட்டனுக்குரியவன் அடிக்கப் பாய்ந்தான். அவன்தான் மூன்றாவது பெஞ்சை முதன்முதலில் ஏட்டி என்று கூப்பிட்டவன். எனக்கு ரொம்பச் சந்தோசமாக இருந்தது. அதை நான் மறைக்கவும் இல்லை.

எல்லாம் சிரிப்பாகவே போகவில்லை. ஒரு பிள்ளை எழுந்து, தன் தாத்தா காலத்தில் சலூனில் அவர்களை உட்கார விடமாட்டார்களாம், அதனால் தாத்தாவே வேப்பமரத்தடியில் எல்லாருக்கும் வெட்டிவிடுவாராம் என்றாள். ஏன் விடமாட்டார்கள் என்று ஒருவன் கேட்டான். அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. ஏன் என்று நான் சொன்னேன், ஒளிக்காமல் சொன்னேன். சோழன், பாண்டியன் என்று நடத்தியிருந்தால் இந்தப் பிள்ளை வாயைத் திறந்திருக்கவே மாட்டாள். அந்த மணி அடிக்கிறவரைக்கும் யாரும் யாருடைய முடியையும் இழுக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் ஒன்பதாம் வகுப்புப் பயல்கள் வேலையைக் காட்டினார்கள். காதுக்கு மேலே வழித்து, உச்சியில் சேவல் கொண்டை மாதிரி விட்டு, புருவத்தில் ஒரு கோடும் கிழித்துக்கொண்டு வந்தார்கள். ஹெச்.எம். வாசலில் நிறுத்திவைத்து, ஒழுங்காக வெட்டிவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். போகிறபோது ஒருவன், "ஆறாப்புல ஒருத்தன் சடையே போட்டிருக்கான் சார்" என்று கொளுத்திப் போட்டான். அது நேர்த்திக்கடன் என்று ஹெச்.எம். சொன்னார். மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் பக்தி பெருக்கெடுத்துவிட்டது. சேவல் கொண்டை அத்தனையும் குலசாமிக்கு நேர்ந்தது.

ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டார். "எனக்கு வேற வழி இல்ல டீச்சர். ஒருத்தனுக்கு விட்டா ஊருக்கே விடணும். காலாண்டுப் பரீட்சைக்குள்ள அந்தப் பையன் முடிய எடுத்திரணும். இல்லன்னா டிசி வாங்கிட்டுப் போகட்டும்."

"சாமி காரியம் சார்."

"சாமியா தடுக்குது டீச்சர்? அந்த மனுசங்கதான் தடுக்குறாங்க. சட்டுனு பேசி முடிக்கச் சொல்லுங்க."

அப்பாவை வரச் சொல்லிப் பையனிடம் சொல்லி அனுப்பினேன். அவனுடைய அப்பா மில்லில் ஷிப்ட் முடித்து நேராக வந்தார், சட்டையெல்லாம் பஞ்சு. விசயத்தைக் கேட்டதும், "டிசிய குடுங்க டீச்சர். வீட்ல இருக்கட்டும். முடி எறக்குன பொறவு படிப்பப் பாத்துக்கலாம்" என்றார்.

"முடி எப்போ எறக்குவீங்க?"

"அவன் வரட்டும். எறக்குவோம்."

"வரலன்னா?"

"வரலன்னா என்ன? நானா போயி அவன் கால்ல விழ முடியும்?"

பையன் பக்கத்திலேயே நின்றான். பின்னலின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. படிக்கிற பிள்ளை. இந்த வருசம் நின்றால் அடுத்த வருசம் வருவான் என்று என்ன நிச்சயம்? நின்ற பிள்ளைகளை எல்லாம் நான் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறேன், டீச்சர் என்று சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்த வாரம் வகுப்பில் ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தேன். 'என் தலைமயிரின் வரலாறு.' எழுத்து வேலை கிடையாது, எழுந்து நின்று சொல்ல வேண்டும். பேன் கதை, சூயிங்கம் கதை, தங்கச்சி தூங்கும்போது வெட்டிவிட்ட கதை எல்லாம் வந்தது. இவன் முறை வந்தபோது, நீ வேண்டாம் உட்கார் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் எழுந்துவிட்டான். பின்னலைத் தூக்கி முன்னால் போட்டுக்கொண்டான். வரலாற்றுக் கேள்விக்கு எங்கள் பிள்ளைகள் எப்படி மனப்பாடமாக ஒப்பிப்பார்களோ, அதே ராகத்தில் ஆரம்பித்தான்.

"ரெண்டாம் பந்திப் போர். நடந்த இடம் சுந்தரபாண்டியம். போருக்கான காரணங்கள். உடனடிக் காரணம், எங்க அப்பாவ ரெண்டாம் பந்தியில உக்காரச் சொன்னது. பொதுவான காரணம், எங்க அப்பாவுக்கும் மாமாவுக்கும் கோவம் சாஸ்தி. போரின் போக்கு. எங்க அப்பா எங்களக் கூட்டிட்டு பஸ் ஏறிட்டாவ. மாமா பின்னால வரல. போரின் விளைவுகள். ஒண்ணு, எங்க அம்மா அவிய பொறந்த வீட்டுக்குப் போறதே இல்ல. ரெண்டு, என் முடி வளந்துருச்சு. மூணு, எனக்கு டிசி குடுக்கப் போறாவ. உடன்படிக்கை..." என்று நிறுத்தினான். எங்கள் புத்தகத்தில் எல்லாப் போரும் ஏதாவது ஒரு உடன்படிக்கையில்தான் முடியும். யோசித்துவிட்டு, "உடன்படிக்கை இன்னும் ஆகல டீச்சர்" என்றான்.

வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. அவனும் சிரித்தான்; அவன் பல்லையே நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிப்பு அடங்கியதும், "போர்ல யாருலே ஜெயிச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். இவன் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தான். "இதுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

சனிக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சுந்தரபாண்டியம் போனேன். எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். தாய்மாமன் யார் என்று தேடவே வேண்டாம்; விசேஷ வீடுகளுக்குப் பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். ஊருக்கெல்லாம் பந்தி போடுகிற மனுசன் சொந்த மச்சானுக்கு ஒரு இலையை ஒதுக்கிவைக்கத் தெரியாமல் போனார். கடைவாசலில் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். யாரென்று சொன்னேன்.

"விசேஷமா டீச்சர்? எத்தன எலை?"

"ஒங்க மருமகன் விசயமா வந்தேன்."

முகம் மாறிவிட்டது. "அன்னைக்குப் பந்தி நெறஞ்சுபோச்சு டீச்சர். நான் மணவடையில உக்காந்திருக்கேன், எந்திரிச்சு வந்து எலையா போட முடியும்? அதுக்கு இம்புட்டு வருசமா? என்னய ஒரு தட்டுல வெத்தல பழம் வச்சுக் கூப்பிட்டாவளா? கூப்பிடாத எடத்துக்கு நான் எதுக்குப் போறேன்?"

நானும் நிதானமாகத்தான் ஆரம்பித்தேன். காலாண்டுப் பரீட்சை, டிசி, படிப்பு என்று சொன்னேன். அவர் மறுபடி மறுபடி தட்டுக்கே வந்தார். என் நிதானம் எம்புட்டு நேரம் நிற்கும்? பையன் வகுப்பில் சொன்னதை அப்படியே, அதே ராகத்தில், நடுக்கடையில் நின்று ஒப்பித்தேன். உடனடிக் காரணம் வரைக்கும் சிரித்தார். பொதுவான காரணத்துக்கு, "அது சரிதான்" என்றார். விளைவுகள் வந்ததும் அண்டாவை விட்டு எழுந்துவிட்டார்.

"அக்கா பொறந்த வீட்டுக்கு வாரதில்லன்னா சொன்னான்?"

"அதத்தான் மொதல்ல சொன்னான்."

"முடிய ரெண்டாவதாவா சொன்னான்?"

"ஆமா."

கொஞ்ச நேரம் கடைக்குள் போய் எதையோ உருட்டினார். திரும்பிவந்து, "இருந்தாலும் மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல டீச்சர்? தட்டு வச்சுக் கூப்பிடாம..." என்று ஆரம்பித்தார். எனக்குப் பொறுமை செத்துப்போனது. அவர் கடையிலேயே அடுக்கியிருந்த தாம்பாளத்தில் ஒன்றை உருவினேன். மதியத்துக்கு வைத்திருந்த இரண்டு வாழைப்பழத்தைப் பையிலிருந்து எடுத்து அதில் வைத்து, அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். "இந்தாங்க. கூப்பிட்டாச்சு. நாளைக்குக் காலைல குலசாமி கோயிலுக்கு வந்து சேருங்க."

"என்னயக் கூப்பிட நீங்க யாரு டீச்சர்?"

"வரலாறு டீச்சர். எந்தப் போருன்னாலும் நாங்கதான் முடிச்சு வைக்கணும்."

தட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். தட்டில் அவர் கடைப் பெயர் பொறித்திருந்தது. கடைசியில் வாங்கிக்கொண்டார். "வாரேன். ஆனா மச்சான்கிட்ட ஒரு வார்த்த பேசமாட்டேன், ஆமா. மடி மட்டும் தாரேன்" என்றார்.

தேவதானத்துக்குப் போன் போட்டேன். அப்பாக்காரர், "வந்தா வரட்டும். நான் ஒண்ணும் கூப்பிடல" என்று சொல்லிவிட்டு, போனை வைக்காமலே, "ஏட்டி, ஒந் தம்பி வாரானாம்!" என்று வீட்டுக்குள் கத்தினார். உள்ளே தையல் மெசின் நின்றது எனக்கு இங்கே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். கூப்பிடவில்லைதான். ஆனால் போரை முடித்து வைத்தவள் போகாமல் இருக்க முடியுமா? மலையடிவாரத்தில், புளியமரத்துக்குக் கீழே சின்னக் கோயில். அப்பா மலையைப் பார்த்து நின்றார். மாமா ரோட்டைப் பார்த்து நின்றார். நடுவில் பாயை விரித்து, முடி இறக்குகிறவர் கத்தியோடு காத்திருந்தார். பையன் தலைக்குக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். முடியை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கே, ஐயோ இம்புட்டையும் எடுக்கணுமா என்று அடித்துக்கொண்டது. எடுக்க வைக்க அலைந்தவளே நான்தான் என்பதை ஒரு நிமிசம் மறந்துவிட்டேன்.

மாமா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கைக்குழந்தைக்கு என்று ஏற்பட்ட மடி அது. பதினோரு வயசுப் பையன் எப்படி உட்காருவான்? ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் சரிந்தான். காலை நீட்டினால் பாயைத் தாண்டிப் போனது. "கால மடக்குலே, ஒங்க மாமா எங்க இருக்காருன்னே தெரியல" என்றார் கத்திக்காரர். எப்படியோ மடக்கி உட்கார வைத்தார்கள். மாமா இரண்டு கையாலும் அவனை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி நெற்றியிலிருந்து கொத்தாக இறங்கி அவர் கைமேல் விழுந்தது. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து மஞ்சள் துணியில் வைத்தார்.

பாதித் தலை ஆகியிருக்கும். மாமாவுக்கு மூச்சு வாங்கியது.

"என்னலே இம்புட்டு கனமா இருக்க?"

"ஒரு வயசுல வந்திருந்தா எலேசா இருந்திருப்பேன் மாமா."

வெடுக்கென்று சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரி, உள்ளதைச் சொன்னான். அம்மா சேலைத் தலைப்பால் வாயை அடைத்துக்கொண்டார். அப்பா மலையிலிருந்து திரும்பிப் பார்த்தார், உடனே மறுபடி மலைக்கே திரும்பிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. நன்றாகவே அழுதேன், என்ன இப்போ? மாமா அவன் முதுகில் மோவாயை வைத்துக்கொண்டார்.

கத்திக்காரர் கடைசி இழுப்பு இழுத்தார். கையால் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, கத்தியைத் துடைத்து மடக்கினார். "முடிஞ்சுதுய்யா, எந்திரிங்க" என்றார்.

பையன் திரும்பிப் பார்க்க முயன்றான். "மாமா, எறங்கட்டா? ஒங்களுக்குக் காலு வலிக்கும்."

மாமா கையை எடுக்கவில்லை. "செத்த நேரம் இருலே" என்றார்.